காரைக் கேட்டு ஓட்டியவர்

மிக்கேலே அல்போரெட்டோ மிலான்காரர். 1956 டிசம்பர் 23 அன்று அங்கே பிறந்தவர். ஆனால் அவருடைய தலைக்கவசத்தில் இருந்தவை நீலமும் மஞ்சளும். அதாவது ஸ்வீடன் கொடியின் நிறங்கள். ரோன்னி பீட்டர்சன் என்ற ஸ்வீடன் ஓட்டுநர்மேல் அவருக்கு அத்தனை பிரியம். 1978 செப்டம்பரில், மிலானுக்குப் பக்கத்து மோன்சா களத்தில், பந்தயம் தொடங்கியதுமே நடந்த மோதலில் பீட்டர்சனின் கால்கள் நொறுங்கின. மறுநாள் மிலான் மருத்துவமனையில் இறந்துபோனார். மூன்றாண்டுகள் கழித்து ஃபார்முலா 1 களத்தில் அந்த இரண்டு நிறங்களை ஓர் இத்தாலியர் தலையில் தாங்கி வந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீட்டர்சனின் ஓட்டம் ஆர்ப்பாட்டமானது. வளைவுக்குள் காரை வீசி எறிவார்; பின்பக்கம் வெளியே சறுக்கிக்கொண்டு வரும்; ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சறுக்கலைத் தாங்கிப் பிடித்தபடியே வளைவைக் கடப்பார். புகைப்படக்காரர்களுக்கு அவர் ஒரு வரம். அவரைக் கொண்டாடிய அல்போரெட்டோவின் ஓட்டத்தில் இதெல்லாம் தேடினாலும் கிடைக்காது. காரின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே கார் போகும். கைகள் ஒருமுறை திரும்பும், ஒருமுறை மீளும், அவ்வளவுதான். நின்று பார்ப்பவருக்கு இவர் மெதுவாகப் போகிறார் என்றுகூடத் தோன்றும். கடிகாரம்தான் வேறு சொல்லும்.

அவர் கணக்கைத் தாளில் எழுதினால் பெரிதாகத் தெரியாது. ஃபார்முலா 1-இல் 194 பந்தயங்கள், 5 வெற்றிகள், 2 முறை தொடக்க வரிசையில் முதலிடம், 186.5 புள்ளிகள். அந்த அரைப் புள்ளி 1984 மொனாக்கோவில் வந்தது. மழையால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்திப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். உலகப் பட்டம் இல்லை. பட்டியலை வைத்து ஓட்டுநர்களை எடைபோடுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகட்டும். ஒரு காரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதைக் கடைசித் துளிவரை வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு துளியும் பிடுங்காமல் ஓட்டுவது ஒரு கலை என்று ஒப்புக்கொள்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தொடக்க காலத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1976-இல் நண்பர்களோடு சேர்ந்து தாங்களே கட்டிய காரில் ஃபார்முலா மோன்சா என்ற அடிமட்டப் போட்டியில் இறங்கினார். கார் தேறவில்லை. அங்கிருந்து ஃபார்முலா இத்தாலியா, பிறகு ஃபார்முலா 3. 1980-இல் ஐரோப்பிய ஃபார்முலா 3 பட்டம். 1981 மே மாதம் இமோலாவில், 24 வயதில், டிரெல் அணியின் காரில் முதல் கிராண்ட் பிரீ.

ருசி அந்த 1981-இல்தான் தொடங்குகிறது. ஒரே ஆண்டில் மூன்று வகை வண்டிகளில் அவர் உட்கார்ந்தார். டிரெல்லின் ஃபார்முலா 1 கார் ஒன்று. மினார்டியின் ஃபார்முலா 2 கார் இன்னொன்று. அதில் மிசானோவில் வென்றார். மூன்றாவது, மார்ட்டினி நிறங்களில் ஓடிய லான்சியா பீட்டா மோண்டி கார்லோ டர்போ என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதில் ரிக்கார்டோ பட்ரேஸேயுடன் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் ஆறு மணிநேரப் பந்தயத்தை வென்றார். ஒற்றை இருக்கைக் காரில் சக்கரங்கள் வெளியே தெரியும். முன்சக்கரம் எங்கே படுகிறது என்பதை ஓட்டுநர் கண்ணாலேயே பார்க்கலாம். கார் லேசானது, சொன்னதை உடனே செய்யும். ஸ்போர்ட்ஸ் காரில் சக்கரங்கள் தகட்டுக்குள் மறைந்துவிடும். இருக்கையும் உங்களுடையது மட்டும் அல்ல. உங்களுக்கு முன்பு ஒருவர் பிரேக்கைத் தேய்த்திருப்பார், உங்களுக்குப் பின்பு ஒருவர் அதே பிரேக்கை நம்பி வளைவுக்குள் போகவேண்டும். பலர் ஒற்றை இருக்கையில் ஓய்ந்தபிறகே இந்தப் பக்கம் வருவார்கள். அல்போரெட்டோ இரண்டையும் சேர்த்தே கற்றார். அவர் ஓட்டத்தில் இருந்த சிக்கனத்துக்கு வேர் இதுதான் என்பது என் துணிபு.

அடுத்த ஆண்டு லான்சியா எல்சி1. கூரையில்லாத சின்னக் கார், 1.4 லிட்டர் டர்போ என்ஜின். அந்த ஆண்டுதான் குரூப் சி என்ற புது விதி வந்திருந்தது: இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு எரிபொருள்தான் என்று அளந்து கொடுப்பார்கள். லான்சியா சாமர்த்தியமாகப் பழைய குரூப் 6 விதியில் காரைக் கட்டியது. எரிபொருள் கட்டுப்பாடு கிடையாது. பதிலுக்கு, கம்பெனிகளுக்கான பட்டத்தில் அதன் வெற்றிகள் சேராது, ஓட்டுநர்கள் கணக்கில் மட்டும் சேரும். சில்வர்ஸ்டோனில் போர்ஷே தன் புத்தம்புதிய 956 காரை முதல்முறை இறக்கியபோது, அது எரிபொருளை எண்ணி எண்ணிக் குடித்துக்கொண்டிருக்க, அல்போரெட்டோவும் பட்ரேஸேயும் ஆறு மணிநேரம் ஓட்டி வென்றார்கள். பிறகு நூர்பர்க்ரிங், முஜெல்லோ என்று மேலும் இரண்டு வெற்றிகள். வரலாற்றில் கிட்டத்தட்ட அடிக்குறிப்பாகப் போய்விட்ட ஒரு காரை இவ்வளவு நன்றாக ஓட்டியிருக்கிறார்கள்.

சரி, டிரெல்லுக்கு வருவோம். கென் டிரெல் மரவியாபாரி. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் தன் மரக்கிடங்கிலேயே பந்தயக் கார் கட்டி, ஜாக்கி ஸ்டூவர்ட்டை உலகச் சாம்பியனாக்கியவர். 1982-இல் அந்தப் பழைய பெருமைதான் மிச்சம், பணம் இல்லை. மற்றவர்கள் டர்போ என்ஜினுக்கு மாறிக்கொண்டிருக்க, இவர்களிடம் இருந்தது கடைகளில் வாங்குகிற காஸ்வொர்த் டிஎஃப்வி. நேர்பாதையில் ரெனோவும் ஃபெராரியும் பெரும் குதிரைத்திறன் வித்தியாசத்தில் கடந்து போகும்.

அந்தக் காரை வைத்துக்கொண்டு அவர் வென்ற இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது லாஸ் வேகாஸ், 1982 செப்டம்பர் 25. சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் கான்கிரீட் தடுப்புகளை அடுக்கி உண்டாக்கிய களம். கேட்கவே கேலியாக இருக்கும், ஓட்டுநர்களும் கேலிதான் செய்தார்கள். பாலைவன வெயில், இடப்பக்கமாகவே சுற்றுகிற பாதை, அதில் கழுத்து ஒரே பக்கம் இழுபட்டு நோகும். முன்வரிசையில் இரண்டு ரெனோக்கள். அர்னூ என்ஜின் போய் நின்றார். ப்ரோஸ்ட் டயர் நடுக்கத்தால் தளர்ந்தார். அல்போரெட்டோ வந்து கடந்தார். டிரெல் அணிக்கு 1978 மொனாக்கோவுக்குப் பிறகு வந்த முதல் வெற்றி அது. அன்று எல்லாக் கண்களும் உலகப் பட்டம் வென்ற கேக்கே ராஸ்பர்க் மேல் இருந்தன. வென்றவரைக் கவனித்தவர்கள் குறைவு.

இரண்டாவது டெட்ராய்ட், 1983 ஜூன் 5. அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகர். அங்கே வென்றதோ ஃபோர்ட் பெயர் தாங்கிய, டர்போ இல்லாத என்ஜின். தெருக்களை அடைத்துப் போட்ட பாதை, செங்குத்துத் திருப்பங்கள், சாக்கடை மூடிகள், மேடுபள்ளங்கள். இந்த மாதிரி இடத்தில் டர்போவின் குதிரைத்திறனுக்கு வேலை குறைவு. கால் அழுத்தியதும் என்ஜின் பதில் சொல்கிறதா என்பதே முக்கியம். பழைய காஸ்வொர்த் உடனே பதில் சொல்லும். முன்னால் போன பிக்கேயின் டயரில் கடைசிச் சுற்றுகளில் காற்று இறங்கியது. அது அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்து தட்டியபோது கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவர் இவர் ஒருவர்தான். 1967-இல் ஸாண்ட்வூர்ட்டில் ஜிம் கிளார்க்கின் கையில் முதல் பந்தயத்திலேயே வென்ற அந்த என்ஜின் குடும்பம், 16 ஆண்டுகள் கழித்து அல்போரெட்டோவின் கையில் கடைசி வெற்றியைப் பெற்றது. டிரெல் அணிக்கும் அதுதான் கடைசி வெற்றி.

இதைப் பார்த்துத்தான் என்ஸோ ஃபெராரி அவரை அழைத்தார். அழைப்பின் கனத்தைப் புரிந்துகொள்ளப் பின்கதை கொஞ்சம் தெரியவேண்டும். அஸ்காரி, காஸ்டெலோட்டி, முஸ்ஸோ, பண்டினி என்று ஃபெராரி கார்களில் இறந்த இத்தாலியர்களின் வரிசை நீளம். ஒவ்வொரு சாவுக்கும் இத்தாலியப் பத்திரிகைகள் கிழவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. அதனால் இத்தாலியரை அமர்த்துவதையே அவர் தவிர்க்கத் தொடங்கினார். 1973-இல் மெர்சாரியோவுக்குப் பிறகு, 1984-இல் அல்போரெட்டோதான் சிவப்புக் காரில் முழுநேரமாக உட்கார்ந்த முதல் இத்தாலியர். எண் 27. ஃபெராரியில் ஜீல் வில்நேவ் தாங்கிய அதே எண். மூன்றாவது பந்தயம் பெல்ஜியத்தின் ஸோல்டரில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வில்நேவ் உயிர்விட்ட களம். தொடக்க வரிசையில் முதலிடம் பிடித்து, பந்தயத்தையும் வென்றார். ஃபெராரி காரில் ஓர் இத்தாலியர் கிராண்ட் பிரீ வென்று 18 ஆண்டுகள் ஆகியிருந்தன; 1966 மோன்சாவில் ஸ்கார்ஃபியோட்டி வென்றதோடு சரி. அவ்வளவு பாரமும் தோளில் இருக்க, அவர் அன்று ஓட்டியதில் பாரத்தின் சாயலே இல்லை.

இனி 1985. நான் நிதானமாக நிற்க விரும்பும் ஆண்டு இது. அதிலும் மொனாக்கோ.

மொனாக்கோவின் தெருப்பாதை மூன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், 78 சுற்றுகள். முதல் வளைவின் பெயர் செயின்ட் டிவோட். பக்கத்தில் ஒரு சிறிய தேவாலயம். வலப்பக்கம் சட்டென்று திரும்பி, அப்படியே மேட்டில் ஏறவேண்டும். திரும்புகிற இடத்தில் தடுப்பு முகத்துக்கு நேரே நிற்கும். சென்னா முன்னணியில் போய் என்ஜின் உடைந்து ஒதுங்கியபின் அல்போரெட்டோ முதலிடத்துக்கு வந்தார். அந்த நேரம் பிக்கேயும் பட்ரேஸேயும் மோதிக்கொண்டு, செயின்ட் டிவோட்டில் எண்ணெயைக் கொட்டிவிட்டார்கள். அடுத்த சுற்றில் அந்த எண்ணெய்மேல் முதலில் போய் ஏறியவர் முன்னால் சென்ற அல்போரெட்டோ. முன்னால் போகிறவருக்குத்தான் தெருவின் முதல் அடி. முன்சக்கரங்கள் பிடியை விட, கார் நேரே போய்விட்டது. அவர் திருப்பிக்கொண்டு வருவதற்குள் ப்ரோஸ்ட் முன்னால்.

மொனாக்கோவில் ஒருவரைக் கடப்பது எத்தனை கடினம் என்பது ஊரறிந்தது. அதுவும் ப்ரோஸ்டை. பேராசிரியர் என்று பெயர் வாங்கிய, தவறே செய்யாத மனிதர். அல்போரெட்டோ துரத்திப் பிடித்துக் கடந்தார். அந்தக் காலத்து டர்போ காரில் இது எப்படிப்பட்ட வேலை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றி, அது காற்றை அழுத்தி, என்ஜினுக்குள் திணிக்கிறவரை காத்திருக்கவேண்டும். பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்து இறங்கும். எனவே வளைவின் நடுவிலேயே, தேவைப்படுவதற்கு முன்பே மிதிக்கவேண்டும். காரின் மூக்கு நேராகும் நொடியும் பலம் வந்து சேரும் நொடியும் ஒன்றாக இருக்கவேண்டும். சீக்கிரம் மிதித்தால் தடுப்பில் போய் முட்டும். தாமதமாக மிதித்தால் கடக்கமுடியாது. மழைக்கு முன்பே நாற்று நடத் தெரிந்த விவசாயியின் கணிப்பு அது. மொனாக்கோவின் ஒவ்வொரு வளைவுக்கும் இந்தக் கணக்கு வேறு.

கடந்து, விலகிப் போகத் தொடங்கியபோது டயர் காற்றிழந்தது. பிட்டுக்குள் வந்து மாற்றிக்கொண்டு வெளியேறினால், நான்காமிடம். முன்னால் ப்ரோஸ்ட், டி ஏஞ்சலிஸ், டி செசாரிஸ். கோபம் வந்த ஓட்டுநர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த அரைமணியில் தடுப்பில் இருப்பார். அல்போரெட்டோ வேகமாகப் போனார், மிக வேகமாக. அன்றைய பந்தயத்தின் வேகமான சுற்று அவருடையது. ஆனால் ஒரு சுற்றிலும் கோபம் தெரியவில்லை. தன் நாட்டவர்களான டி செசாரிஸையும் டி ஏஞ்சலிஸையும் ஒருவர்பின் ஒருவராகக் கடந்தார். மொனாக்கோவில் ஒரே பந்தயத்தில் இத்தனை பேரைக் கடந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். முடிவில் ப்ரோஸ்டுக்கு ஏழரை வினாடி பின்னால், இரண்டாமிடம். எண்ணெயில் ஒருமுறை, காற்றிழந்த டயரில் ஒருமுறை என்று இரண்டு தடவை பந்தயத்தைத் தெரு அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டது. அவர் வென்ற ஐந்து பந்தயங்களையும் ஒரு தட்டில் வைத்து, இந்த இரண்டாமிடத்தை மறுதட்டில் வைத்தால், எனக்கு இந்தத் தட்டுதான் இறங்குகிறது.

அதே ஆண்டு இன்னொரு இரண்டாமிடமும் கவனிக்கத்தக்கது. போர்ச்சுகலின் எஸ்டோரில், கொட்டும் மழை; சென்னாவின் முதல் வெற்றி என்று எல்லாரும் கொண்டாடும் பந்தயம். மற்ற எல்லாரையும் சென்னா ஒரு சுற்றாவது முந்திவிட்டார். முந்தப்படாதவர் ஒரே ஒருவர். ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தாலும் அதே சுற்றில் இருந்தார். யார் என்று சொல்லவேண்டியதில்லை.

மொனாக்கோவுக்கு அடுத்து மாண்ட்ரியல் வெற்றி. புதிய அணித்தோழர் ஸ்டெஃபான் யோஹான்சன் இரண்டாமிடம். ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில் எட்டாவதாகத் தொடங்கி வென்றார். அதுதான் அவருடைய கடைசி கிராண்ட் பிரீ வெற்றி என்று அன்று யாரும் நினைத்திருக்க வழியில்லை. பட்டியலில் அவர் முதலிடம். ஆஸ்திரியா முடிந்ததும் ப்ரோஸ்ட் 50, அல்போரெட்டோ 50. 1953-இல் அஸ்காரி வென்றபிறகு, 32 ஆண்டுகள் காத்திருந்த ஒரு நாட்டின் நாடித்துடிப்பு எப்படி இருந்திருக்கும்! அடுத்து ஹாலந்தில் நான்காமிடம், மூன்று புள்ளி.

அதோடு முடிந்தது. மீதி ஐந்து பந்தயங்களில் ஒன்றைக்கூட அந்தக் கார் முடிக்கவில்லை. மோன்சாவில் என்ஜின், ஸ்பாவில் கிளட்ச், பிராண்ட்ஸ் ஹாட்சில் டர்போ, தென்னாப்பிரிக்காவில் மறுபடி டர்போ, அடிலெய்டில் கியர். ஆண்டின் நடுவில் ஃபெராரி தன் டர்போக்களை ஜெர்மனியின் கேகேகே கம்பெனியிடமிருந்து அமெரிக்காவின் கேரெட்டுக்கு மாற்றியதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. முதியவரின் பிடிவாதம் என்றும் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கடைசிக் கணக்கு: ப்ரோஸ்ட் 73, அல்போரெட்டோ 53.

பிராண்ட்ஸ் ஹாட்சில் மட்டும் அந்த மென்மையான மனிதர் ஒரு காரியம் செய்தார். டர்போ வெடித்துக் காரின் பின்பக்கம் தீப்பிடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குவதுதான் வழக்கம். அவர் எரிகிற காரை அப்படியே ஓட்டிக்கொண்டு பிட்டுக்குள் போய் அணியின் வாசலில் நிறுத்தினார். படத்தில் பாருங்கள்: சிவப்புக் கார், பின்னால் செஞ்சுவாலை, நடுவில் நீலமஞ்சள் தலை. இது கண்டனம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அதிலும் அவருடைய முத்திரை இருக்கிறது. கத்தவில்லை, கதவை உடைக்கவில்லை. உங்கள் பொருள், உங்களிடமே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்பதுபோல. பட்டம் அன்றே ப்ரோஸ்டுக்குப் போனது.

அடுத்த மூன்று ஃபெராரி ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம். பெர்கர் வந்தார், அணியின் செல்லமானார். ஒரே ஒரு நாளுக்காக மட்டும் நிற்கவேண்டும்: 1988 செப்டம்பர் 11, மோன்சா. என்ஸோ ஃபெராரி இறந்து நான்கு வாரம். மெக்லாரன் அணி அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. விட்டது இந்த ஒன்றைத்தான். ப்ரோஸ்டின் என்ஜின் போக, சென்னா கடைசி இரண்டு சுற்று இருக்கையில் ஷ்லெஸ்ஸரின் வில்லியம்ஸோடு மோதி நிற்க, பெர்கர் முதலிடம், அல்போரெட்டோ இரண்டாமிடம். இடைவெளி அரை வினாடி. பெரியவர் இல்லாத மோன்சாவில் இரண்டு சிவப்புக் கார்கள் வால்பிடித்து வருவதைப் பார்த்துக் கூட்டம் கதறியது. வேகமான சுற்று அன்றும் அல்போரெட்டோவுடையதே.

பிறகு சரிவு. மறுபடி டிரெல், 1989 மெக்ஸிகோவில் மூன்றாமிடம் வாங்கிக்கொடுத்தும், சிகரெட் கம்பெனிகளின் விளம்பரச் சண்டையில் பாதி ஆண்டில் இருக்கை போனது. அங்கே வந்து உட்கார்ந்தவர் ழான் அலேசி. லாரூஸ், ஆரோஸ், ஃபுட்வொர்க். 1991-இல் ஃபுட்வொர்க்குக்குப் போர்ஷே கொடுத்த பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் யானைக் கனம். அந்தக் காரின் சோதனை ஓட்டத்தில் இமோலாவின் டாம்புரெல்லோ வளைவில் சுவரில் மோதி, தப்பினார். மூன்றாண்டுகள் கழித்து அதே வளைவில்தான் சென்னா மோதி இறந்தார். அந்த 1994 இமோலாவில் மினார்டி காரில் அல்போரெட்டோவும் ஓடினார். பிட்டிலிருந்து கிளம்பும்போது அவர் காரின் சக்கரம் கழன்று பறந்து, நின்றிருந்த மெக்கானிக்குகள் காயப்பட்டார்கள். பிட் பாதையில் வேகக் கட்டுப்பாடு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டோடு ஃபார்முலா 1 முடிந்தது.

38 வயது. பலர் இங்கே கடையைக் கட்டிவிடுவார்கள். டூரிங் காரில் ஆல்ஃபா ரோமியோ, அமெரிக்காவில் ஃபெராரி 333 எஸ்பி, இண்டியானாபொலிஸ் 500 என்று ஓரிரு ஆண்டுகள் அலைந்தபின், அவருக்கு ஏற்ற காரை ஜெர்மனியின் யோஸ்ட் அணி வைத்திருந்தது.

அந்தக் காரின் கதையே தனி ருசி. பெயர் போர்ஷே டபிள்யூஎஸ்சி-95. பெயர்தான் போர்ஷே, உடம்பு ஜாகுவார். ராஸ் பிரான் வடிவமைத்த எக்ஸ்ஜேஆர்-14 என்ற பழைய ஜாகுவாரின் கூரையை வெட்டியெடுத்து, பின்னால் போர்ஷேயின் ஆறு சிலிண்டர் டர்போ என்ஜினைப் பொருத்தினார்கள். போர்ஷே அதைப் பந்தயத்தில் இறக்காமலே மூலையில் போட்டுவிட்டது. ரெய்ன்ஹோல்ட் யோஸ்ட் கேட்டு வாங்கி 1996-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். வென்றார். போர்ஷேயின் சொந்தத் தொழிற்சாலைக் கார்களையே தோற்கடித்து. 1997-இல் அதே காரை, அதே சட்டகத்தை, மறுபடி கொண்டுவந்தார். ஓட்டுநர்கள்: அல்போரெட்டோ, 1985-இல் ஃபெராரியில் பக்கத்துக் காரில் இருந்த அதே யோஹான்சன், அணியின் ஓட்டுநர் ஒருவர் காயப்பட்டதால் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு அழைத்துவரப்பட்ட 29 வயது டென்மார்க்காரர் டாம் கிறிஸ்டென்சன். பெரியவர்கள் இருவருக்கும் 40.

13.6 கிலோமீட்டர் பாதையில் ஒரு தனிச் சுற்று ஓட்டித் தொடக்க வரிசையில் முதலிடம் பிடித்தவர் அல்போரெட்டோ. அது அவருடைய ஒற்றை இருக்கைக் கால். வேகம் இன்னும் போகவில்லை. ஆனால் 24 மணிநேரத்தில் தேவைப்படுவது மற்றக் கால். தொழிற்சாலையின் 911 ஜிடி1 கார்கள் வேகமானவை, பணமுள்ளவை. அவற்றோடு போட்டிபோட்டுக் காரைக் கொன்றுவிடாமல், பின்னால் ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பிரேக் தகட்டில் கொஞ்சம் மிச்சம் வைக்கவேண்டும். கியரை அவசரப்படாமல் போடவேண்டும். இறங்கும்போது அடுத்தவரிடம் எந்த வளைவில் எண்ணெய் கிடக்கிறது, எந்தப் பக்க டயர் அலுத்திருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லவேண்டும். இரவில் இளைஞர் கிறிஸ்டென்சன் பந்தயத்தின் வேகமான சுற்றையே ஓட்டிவிட்டார். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக் காரிடம் சரக்கு மிச்சமிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு தொழிற்சாலைக் கார் காலையில் விழுந்தது. இன்னொன்று முன்னணியில் இருக்கும்போதே, முடிய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருக்கையில், தீப்பிடித்து எரிந்தது. 361 சுற்றுகள் முடித்து யோஸ்ட் கார் முதலில் வந்தது. அடுத்த கார் ஒரு சுற்று பின்னால்.

டர்போ எரிந்து பட்டம் இழந்தவர் 12 ஆண்டுகளுக்குப் பிறகு அடுத்தவர் கார் எரிந்ததால் லெ மான் வென்றார் என்று எழுத எவருக்கும் கை துடிக்கும். நான் அதை அப்படிப் படிக்கமாட்டேன். மூலையில் கிடந்த காரை இரண்டாவது ஆண்டும் 24 மணிநேரம் உயிரோடு வைத்திருந்த மூன்று பேரின் வேலை அது. கிறிஸ்டென்சன் பிறகு மொத்தம் ஒன்பது முறை லெ மான் வென்றார், வேறு எவரும் அத்தனை வென்றதில்லை. முதலாவது இந்தப் பெரியவர்களோடுதான்.

யோஸ்ட் அணி ஆடி கார் கம்பெனியோடு சேர்ந்தபோது அல்போரெட்டோவும் சேர்ந்தார். 1999 லெ மானில் நான்காமிடம், 2000-இல் ஆர்8 காரில் மூன்றாமிடம், அதே ஆண்டு அமெரிக்காவில் பெட்டி லெ மான் வெற்றி. 2001 மார்ச்சில் ஃபுளோரிடாவின் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயம். கான்கிரீட் பலகைகள் பாவிய பழைய விமானதளம் அது. ஒவ்வொரு இணைப்பும் முதுகெலும்பில் இடிக்கும். கார்களை உடைப்பதற்கென்றே உள்ள இடம் என்பார்கள். டிண்டோ கபெல்லோ, லோரன் அயேல்லோ இருவரோடும் சேர்ந்து அங்கே வென்றார். 44 வயதில்.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 25 அன்று, ஜெர்மனியின் லாவுசிட்ஸ்ரிங் களத்தில் லெ மானுக்காக ஆர்8-ஐச் சோதித்துக்கொண்டிருந்தார். நேர்பாதையில், உச்ச வேகத்தில், இடப்பின் டயர் காற்றிழந்தது. கார் எழும்பித் தடுப்பைத் தாண்டிக் கவிழ்ந்தது. அவர் இறந்துபோனார். மொனாக்கோவில் டயர் காற்றிழந்தபோது பிட்டுக்கு வர வழி இருந்தது. இங்கே ஓட்டுநரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

மோன்சாவில் சுற்று முடியும் இடத்தில் பரபோலிகா என்ற நீண்ட வலது வளைவு இருக்கிறது. நுழையும்போது இறுக்கமாக இருக்கும், போகப்போகத் தளரும். ஆரம்பத்தில் பொறுத்து, ஸ்டீயரிங்கை ஒருமுறை திருப்பி, சிறுகச் சிறுகத் தளர்த்திக்கொண்டே வேகத்தைக் கூட்டவேண்டும். அங்கே சேர்த்த வேகம் அத்தனையும் அடுத்த நேர்பாதை முழுக்க உடன்வரும். பொறுமையில்லாமல் நடுவில் மிதிப்பவர்கள் வெளிவிளிம்பில் போய் விழுவார்கள். 2021-இல் அந்த வளைவுக்கு அதிகாரபூர்வமாக அல்போரெட்டோவின் பெயரைச் சேர்த்தார்கள். அவர் பெயரை வைக்க அந்தக் களத்தில் இதைவிடப் பொருத்தமான வளைவு கிடையாது. வர்ணனையாளர்கள் பெரும்பாலும் இன்னும் பரபோலிகா என்றுதான் சொல்கிறார்கள்.